ஆய்வு மக்களைச் சேரும் வழி: விருத்தாசலம் செராமிக் தொழிலை முன்வைத்து

ஆய்வில் தெரியவந்ததை அந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் கொண்டு சேர்ப்பது அறிவியல் தொடர்பாடல் எனப்படுகிறது. தமிழில் இதற்கு நூற்றைம்பது ஆண்டு மரபு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டில் பெ.நா. அப்புசாமி அறிவியலை எளிய உரைநடையில் எழுதினார். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழின் வழியாக மாணவர்களைச் சென்றடைந்தது.

இம்மரபின் சாதனை பெரிது. ஆயினும் அது பெரும்பாலும் மாணவரையும் படித்த வாசகரையும் நோக்கியே பேசியது. ஒரு தொழிலைச் செய்பவரிடம் அதே தொழிலைப் பற்றிய ஆய்வைக் கொண்டு செல்லும் எழுத்து குறைவு. இந்தக் குறையைத் தெளிவாகக் காட்டும் ஊர் விருத்தாசலம்.

விதையும் களிமண்ணும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலத்தில் இரண்டு வகை ஆய்வறிவு அருகருகே இருக்கிறது. ஒன்று வேளாண்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே நிலக்கடலை, முந்திரி முதலிய பயிர்களில் புதிய ரகங்களை உருவாக்கியுள்ளது. ஊர்ப் பெயரின் சுருக்கமான வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு அவை வழங்குகின்றன. மற்றொன்று செராமிக். அகல்விளக்கு, பொம்மை முதலிய பொருள்களுக்கு ஊர் பெயர் பெற்றது. மாநில அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கு உள்ளது.

புதிய ரகத்தை நம்புவதற்கு விவசாயி மரபியல் படிக்க வேண்டியதில்லை. ஒரு பருவம் விதைத்துப் பக்கத்து வயலோடு ஒப்பிட்டால் போதும். ஆய்வின் முடிவை விதையே சுமந்து செல்கிறது. செராமிக் ஆய்வுக்கு அப்படியொரு விதை இல்லை. எந்தக் கலவை, எந்தச் சூடு, எந்த ஆபத்து என்பதையெல்லாம் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். இத்துறையின் தேசிய ஆய்வகமான மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் 1950இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலும் குஜராத்தின் நரோடாவிலும் அதற்கு மையங்கள் உண்டு. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றுக்கும் விருத்தாசலத்துப் பட்டறைக்கும் இடையே ஊரின் தூரத்தோடு மொழியின் தூரமும் இருக்கிறது.

சூளையில் ஏற்கெனவே உள்ள அறிவு

தமிழ் அறிவியல் கட்டுரைகள் பல, வாசகருக்கு எதுவும் தெரியாது என்ற அனுமானத்தில் தொடங்குகின்றன. செராமிக் தொழிலில் இந்த அனுமானம் தவறு. சூளையை அவசரமாக ஆறவிட்டால் பொருள் விரிசல் விடும் என்பது அங்கு வேலை செய்பவருக்குத் தெரியும். அதன் காரணத்தை ஆய்வு சொல்கிறது. கலவையில் உள்ள குவார்ட்ஸ், ஆறும்போது 573 டிகிரி செல்சியஸ் அளவில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று சுருங்குகிறது. அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடந்தால் விரிசல் குறையும்.

பாடநூல் முறையில் எழுதப்படும் கட்டுரை படிக அமைப்பிலிருந்து தொடங்கும். விரிசல் விட்ட விளக்கிலிருந்து தொடங்கினால் அதே செய்தி அனுபவத்துக்கு விளக்கமாக அமையும். சொல்லாட்சியிலும் இதே சிக்கல் உண்டு. புத்தகம் 'மெருகு' என்கிறது, தொழிற்கூடம் 'கிளேஸ்' என்கிறது. கலைச்சொல் தேவைதான். ஆனால் புழங்கும் சொல்லைப் பக்கத்தில் வைக்காத கட்டுரை, யாருக்காக எழுதப்பட்டதோ அவரையே வெளியே நிறுத்திவிடுகிறது.

தூசி பற்றிய செய்தி

இந்த இடைவெளியின் விலை உடல்நலத்தில் தெரிகிறது. பீங்கான் கலவையின் உலர்ந்த பொடியில் படிகச் சிலிக்கா இருக்கும். அதன் நுண்துகள்கள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். அதற்கு முழுக் குணம் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

தீர்வின் அடிப்படை இதைவிடப் பழையது. இங்கிலாந்தில் பீங்கான் தொழிலுக்காகச் சிக்கிமுக்கிக் கல்லை உலர்ந்த நிலையில் அரைத்தவர்கள் தூசியால் இறந்தனர். அதைத் தண்ணீரில் அரைக்கும் முறைக்குத் தாமஸ் பென்சன் 1726இல் காப்புரிமை பெற்றார். ஈரம் தூசியை அடக்கும் என்பதே அதன் சாரம். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், பொம்மையின் பிசிறை ஈரப்பதம் இருக்கும்போதே சீவுவதும் இதே அறிவின் நீட்சி.

இத்தகைய செய்தி பெரும்பாலும் 'முகக்கவசம் அணியுங்கள்' என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மூக்கில் கட்டும் துணி சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகளைத் தடுக்காது என்பதும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பைச் செய்துதருவது முதலாளியின் பொறுப்பு என்பதும் விடுபடுகின்றன. ஆய்வைச் சுருக்கும்போது எது விடுபடுகிறது என்பது நடுநிலையான விஷயம் அல்ல. இங்கே விடுபட்டது தொழிலாளிக்குச் சாதகமான பாதி.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

இன்னொரு குறை, முடிவை மட்டும் சொல்லி அதன் எல்லையைச் சொல்லாமல் விடுவது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதியில் ஆடுகளில் கதிரியக்கச் சீசியம் கண்டறியப்பட்டது. விற்பனைத் தடை மூன்று வாரங்களில் நீங்கும் என்றனர் அதிகாரிகள். அந்தக் கணிப்பு களிமண் நிலத்துக்குப் பொருந்துவது. களிமண் சீசியத்தைப் பிடித்துவைக்கும், மலையின் கரிமப் புளிப்பு மண்ணோ அதைப் புல்லுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டுப்பாடுகள் 2012இல்தான் நீங்கின. தங்கள் நிலத்தை அறிந்த மேய்ப்பர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சமூகவியலாளர் பிரையன் வின் தம் ஆய்வில் காட்டினார்.

செராமிக்கில் ஈயம் கலந்த கிளேஸ் பற்றிய எச்சரிக்கைக்கும் இது பொருந்தும். 'பீங்கானில் ஈயம்' என்ற தலைப்பு எல்லாப் பொருளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அலமாரியில் நிற்கும் பொம்மையும் குழம்பு ஊற்றும் கிண்ணமும் ஒன்றல்ல. புளி, எலுமிச்சை, ஊறுகாய் போன்ற புளிப்புப் பண்டங்கள்தான் ஈயத்தை அதிகம் கரைத்தெடுக்கும். உணவுப் பாத்திரத்தைச் சோதிக்க வேண்டும் என்பதே செய்தி. எல்லையைச் சொல்லாத எச்சரிக்கை வாங்குபவரைக் காப்பாற்றுவதில்லை, விற்பவரின் பிழைப்பை மட்டும் கெடுக்கிறது.

மதிப்பீடு

தமிழில் அறிவியல் எழுத்தை எளிமை என்ற ஒரே அளவுகோலால் மதிப்பிடும் பழக்கம் உள்ளது. விருத்தாசலத்தை முன்வைத்துப் பார்த்தால் அது போதாது. வாசகரின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறதா, முடிவின் எல்லையைச் சொல்கிறதா, யார் என்ன செய்ய வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்கிறதா என்ற மூன்று கேள்விகளும் தேவை. எளிமையாக இருந்தும் இவற்றில் தவறும் கட்டுரை ஆய்வைச் செய்தியாக மட்டுமே வைத்திருக்கிறது. பிசிறு சீவுபவரின் கையை அது எட்டுவதில்லை.