பயிற்றுநரின் சதுரம்

கால்பந்தைப் பார்த்துச் சுவைக்கும் கண் பெரும்பாலும் ஆட்டக்காரரின் காலோடு நின்றுவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநரின் கைத்திறனும் அதே அளவு சுவைக்கத்தக்கது என்பதும், பந்து உருளத் தொடங்குவதற்கு முன்பே அது மைதானத்தில் தெரிந்துவிடுகிறது என்பதும் பலர் கவனத்துக்கு வருவதில்லை. கோயம்புத்தூரின் பள்ளி மைதானம் ஒன்றில் மாலைப் பயிற்சியைப் பார்க்க விரும்புகிறவர் சற்று முன்னதாகவே போய், பயிற்றுநர் தனியாக நடந்து, காலடியால் அளந்து, கோன்களை (எல்லை குறிக்கும் சிறு பிளாஸ்டிக் கூம்புகளையும் வட்டத் தட்டுகளையும் இந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்) ஒவ்வொன்றாக வைப்பதைக் கவனிக்க வேண்டும். எட்டடிக்கு ஒரு கோன் வைப்பதா பன்னிரண்டடிக்கு ஒன்றா என்ற முடிவில்தான், அன்றைக்குப் பிள்ளைகள் எதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பது அடங்கியிருக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ரோண்டோ என்னும் பயிற்சி. ஒரு சதுரத்தின் ஓரங்களில் நான்கைந்து பேர் நின்று தங்களுக்குள் பந்தைக் கடத்திக்கொண்டிருக்க, நடுவில் நிற்கும் ஒருவரோ இருவரோ அதைப் பறிக்க முயல்வதே ரோண்டோ. யோஹான் கிரைஃப் பார்சிலோனாவின் பயிற்றுநராக இருந்த 1988 முதல் 1996 வரையிலான ஆண்டுகளில் அந்த அணியின் அன்றாடப் பழக்கமாக வேரூன்றி, பிறகு உலகெங்கும் பரவியது. பார்க்க வெறும் பொழுதுபோக்குப் போலத் தோன்றும் இந்தப் பயிற்சி, சதுரத்தின் அளவை மாற்ற மாற்ற வேறு வேறு பாடமாகிவிடுகிறது. சதுரம் பெரிதாக இருந்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகூடப் பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து, ஆள் பார்த்துக் கொடுக்க நேரம் கிடைக்கிறது. அதையே இரண்டு காலடி உள்ளே இழுத்தால், பந்து வருவதற்கு முன்பே அடுத்து எங்கே கொடுப்பது என்று பார்த்து வைத்திராத பிள்ளையிடமிருந்து பந்து போய்விடுகிறது. ஆகவே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது கற்றுக்கொள்கிறது. நடுவில் ஒருவருக்குப் பதில் இருவரை நிறுத்தினாலோ, அந்த இருவருக்கும் இடையே உள்ள சந்தில் பந்தைச் செலுத்துவதற்குத் தனிப் புள்ளி உண்டு என்றாலோ, பக்கத்தில் நிற்பவருக்கே கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எதிராளியைக் கடந்து போகும் பாஸைத் தேடத் தொடங்குகிறார்கள். விதி ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் ஓரமாய் நிற்கும் பயிற்றுநர் அந்த நேரத்தில்தான் அதிகமாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்.

கொங்கு நாட்டில் இந்தச் சதுரம் போடுவதற்குத் தனி நுட்பம் வேண்டியிருக்கிறது. கோவை வட்டாரத்தின் பெரும்பாலான மைதானங்களில் புல் கிடையாது; சில இடங்களில் செம்மண், சில இடங்களில் கரிசல். காய்ந்த செம்மண்ணில் பந்து வழுக்கிக்கொண்டு விரையும், சிறு கல்லில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறும்; கரிசலோ கோடையில் வெடித்துப் பந்தின் போக்கைத் திருப்பிவிடும், மழை பெய்தால் பந்தைப் பிடித்து நிறுத்திவிடும். புல்தரையை மனத்தில் வைத்து எழுதிய பயிற்சி நூலின் அளவுகளை இங்கே அப்படியே போட்டால் பிள்ளைகளுக்குப் பந்தோடு மல்லுக்கட்டவே நேரம் போதாது. தரையை அறிந்த பயிற்றுநர் செம்மண்ணில் சதுரத்தைக் கொஞ்சம் அகலமாக்குகிறார். பந்தை உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தும் வழக்கத்தை விடுத்து, உட்பாதத்தால் வாங்கி ஓரடி தள்ளி வைக்கும் முதல் தொடுதலைப் பழக்குகிறார். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றும் பயிற்சியின் ஒரு கூறுதான். தூக்கி அடித்த பந்தை அது எங்கோ கொண்டுபோய்விடுவதால், காற்றை எதிர்த்து ஆட வேண்டிய பக்கத்தில் அன்றைக்குக் கற்றுத்தேற வேண்டிய அணியை நிறுத்தினால், தரையோடு தரையாகப் பந்தைக் கொண்டுபோகும் தேவை தானாக வந்துவிடுகிறது.

தரையோடு பந்தை நகர்த்தும் ஆட்டத்தை அதன் முழு வளர்ச்சியில் பார்க்கும் வாய்ப்பு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாய்த்தது. சென்னை சிட்டி அணி கோவை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய ஆண்டுகளில், சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாஸ் அதற்குக் கற்றுத்தந்தது, அவசரப்பட்டு முன்னே அடித்துவிடாமல் பின்வரிசையிலிருந்தே பாஸ்களால் கட்டி எழுப்பும் ஆட்டம். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை எதிர்த்து நடந்த பருவத்தின் கடைசி ஆட்டத்தில் முதல் பாதி முடியும்போது சென்னை சிட்டி 0–1 எனப் பின்தங்கியிருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கைநழுவும் நிலை. இரண்டாம் பாதியில் பெட்ரோ மன்சி பெனால்டியில் சமன்செய்ய, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட, 3–1 என வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் கோவை மண்ணிலேயே கைக்கு வந்தது. கோல்களைக் கொண்டாடுவது இயல்பே. ஆயினும் நெருக்கடிக்கு நடுவிலும் பந்தை ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்க முடிகிற அமைதி எந்தப் பயிற்சியில் பிறக்கிறது என்று தேடிச் செல்கிறவர் வந்து சேரும் இடம், எட்டு வயதுப் பிள்ளைகள் நால்வர் நின்று ஆடும் அந்தச் சிறு சதுரமே.

பயிற்றுநரின் பேச்சு இந்தக் கலையின் கடினமான பகுதி. ஆட்டத்தின் நடுவே விசில் ஊதி, எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் செய்து, அந்தக் கணத்தின் அமைப்பைக் காட்டித் திருத்துவது உறைநிலை உத்தி எனப்படுகிறது. அளவாகப் பயன்பட்டால் இதைவிடத் தெளிவான கற்பித்தல் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊதினாலோ ஆட்டம் செத்துப்போகிறது. அப்படி நிறுத்தும்போது பயிற்றுநர் கேட்கும் கேள்வியில்தான் அவருடைய தரம் தெரிகிறது. பெரியவர்களிடம் பணிவாகப் பேசிப் பழகிய கொங்குப் பிள்ளைகளிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், புரிந்ததோ இல்லையோ, "சரிங்க சார்" என்ற பதில் உடனே வந்துவிடும்; "ஏன் அப்படிச் செஞ்சே?" என்று கேட்டால், திட்டு விழுகிறது என்று நினைத்துத் தலை குனிந்துவிடுவார்கள். தேர்ந்த பயிற்றுநர் இரண்டையும் தவிர்த்து, "பந்து உங்கிட்ட வர்றப்ப யாரு காலியா நின்னாங்க, கையை நீட்டிக் காட்டு கண்ணு" என்கிறார். இந்தக் கேள்விக்குப் பணிவை வைத்துப் பதில் சொல்லித் தப்ப முடியாது. சுற்றிலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதுபோல, கேப்ரியேலே வுல்ஃப் என்னும் ஆய்வாளர் 1990-களின் இறுதியிலிருந்து உடலியக்கக் கல்வியில் நிறுவிவரும் ஒரு கருத்தும் இங்கே கைகொடுக்கிறது: கவனத்தைத் தன் உடலுறுப்பின்மீது வைப்பவரைவிட, தன் செயலின் விளைவின்மீது வைப்பவர் திறனை எளிதாகக் கற்கிறார். "கணுக்காலை விறைப்பா வெச்சுக்கோ" என்பதைவிட "பந்தோட அடிவயித்துல தட்டு" என்ற சொல் பிள்ளையின் காலுக்கு விரைவில் போய்ச் சேர்வது இதனால்தான். மைதானத்தில் வழங்கும் இத்தகைய சிறு சொற்களைத் தொகுத்தால் அதுவே ஒரு நல்ல பயிற்சி நூலாகும்.

இந்த வட்டாரத்தின் உடற்கல்வி மரபு வேறொரு பழக்கத்திலிருந்து வந்தது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் நிறுவிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் கீழ்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் இயங்கும் மாருதி உடற்கல்வியியல் கல்லூரியும் எத்தனையோ பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பியிருக்கின்றன. அந்த ஆசிரியர்களிடம் பயின்றவர்களுக்கு வரிசையில் நிற்பதும், விசிலுக்கு ஓடுவதும், ஒரே உதையை இருபது முறை திரும்பச் செய்வதும் நன்றாக நினைவிருக்கும். அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், மூன்றே பந்துகள் என்ற நிலையில் வரிசை ஒன்றே சாத்தியமான ஒழுங்காக இருந்தது என்பதை மறந்து அதைக் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளைக்குப் பந்து கிடைப்பது சில நிமிடங்களுக்கு ஒருமுறை; அந்தத் தொடுதலிலும் எதிராளி இல்லை, முடிவெடுக்க வேண்டிய தேவை இல்லை. இங்கிலாந்தின் லஃப்பரோவில் டேவிட் பங்கர், ராட் தோர்ப் ஆகிய இருவரும் 1982-இல் முன்வைத்த ஆட்டப் புரிதல் வழிக் கற்பித்தல், முதலில் எளிமையாக்கிய ஓர் ஆட்டத்தை ஆடவிட்டு, அதில் தடுமாற்றம் ஏற்படும் இடத்தில் மட்டும் திறனைத் தனியே எடுத்துப் பழக்கி, மறுபடியும் ஆட்டத்துக்குள் அனுப்பச் சொல்கிறது.

வேலிக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று பார்க்கும் பெற்றோருக்கு இந்த முறை குழப்பமாகத் தோன்றுவதில் வியப்பில்லை, ஏனெனில் வரிசைப் பயிற்சி நேர்த்தியாகத் தெரிகிறது, சிறு ஆட்டமோ பிழைகளால் நிறைந்திருக்கிறது. ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகியோர் 1979-இல் செய்த ஒரு புகழ்பெற்ற சோதனையில், மூன்று கையசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சி நேரத்தில் வேகமாகவும், அவற்றைக் கலந்து பழகியவர்கள் மெதுவாகவும் செய்தார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களிடமே திறன் கூடுதலாகத் தங்கியிருந்தது. பிசிறில்லாத பயிற்சியைக் கண்டு மயங்காமல், பிழையிலிருந்து மீளும் வேகத்தைக் கண்டு மகிழும் கண்ணே இங்கே தேர்ந்த ரசிகனின் கண்.

சிறு ஆட்டங்களில் தனித்துச் சொல்லத்தக்கது, ஹாக்கியிலிருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மானியர் ஹோர்ஸ்ட் வைன் வகுத்த ஃபுனினோ. பக்கத்துக்கு மூவராக ஆடும் இதில் ஒவ்வொரு முனையின் எல்லைக்கோட்டிலும் இரண்டு சிறு கோல்கள், ஆக மொத்தம் நான்கு. ஒரு கோலை எதிராளிகள் அடைத்துக்கொண்டால் மற்றொன்று திறந்திருக்கும் என்பதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளையே வெல்கிறது. ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் 2024–25 பருவத்திலிருந்து சிறுவர் ஆட்டங்களை இவ்வகைச் சிறு வடிவங்களுக்கு மாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பயிற்றுநருக்கு இதற்கு நெருங்கிய உறவான ஒன்று கையருகிலேயே இருக்கிறது. கோடுகளைக் காத்து நிற்பவர்களை ஏய்த்து, ஒரு பக்கம் போவதுபோல் உடலைச் சாய்த்து மறுபக்கம் நழுவும் கிளித்தட்டில், டிரிபிளிங்குக்கு (எதிராளியை ஏமாற்றிப் பந்தோடு கடந்து போகும் திறனுக்கு) வேண்டிய ஏய்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதே கோடுகளை மண்ணில் கிழித்து, ஆளுக்கொரு பந்தைக் காலில் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் விளக்கம் எதுவும் இல்லாமலே ஆடத் தொடங்கிவிடுவார்கள். வேறு நாட்டு முறைகளைக் கற்பது நல்லதே. அவற்றோடு இந்த ஆட்டமும் பயிற்சித் திட்டங்களில் இடம்பெற வேண்டும்.

பந்தின் அளவையும் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் உதைக்கும் முறையே கெட்டுவிடும் என்பதால் அந்த வயதுக்கு 4-ஆம் எண்ணும், அதற்கும் கீழே 3-ஆம் எண்ணும் ஏற்றவை. தலையால் அடிக்கும் பயிற்சியைச் சிறுவயதில் தவிர்க்கும் போக்கும் வலுப்பெற்றுவருகிறது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இலேயே பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடைசெய்தது.

ஆள் தேர்வில்தான் பயிற்றுநரின் பொறுமை கடைசியாகச் சோதிக்கப்படுகிறது. பிறந்த ஆண்டை வைத்து வயதுப் பிரிவு வகுக்கும்போது, ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கிறது. பன்னிரண்டு வயதில் அது தோளுயரத்திலும் ஓட்டத்திலும் அப்பட்டமாகத் தெரிவதால், பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகமாக இடம்பெறுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. மாவட்டப் போட்டியில் வெல்ல வேண்டும் என்ற நெருக்கடியில் உயரமானவர்களை வைத்து அணியை நிரப்புவது எளிது. இதை அறிந்த பயிற்றுநர், வளர்ச்சி பிந்திய பிள்ளையைச் சில நாள் தன்னைவிட ஒரு வயது இளையவர்களோடு ஆடவிட்டுப் பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் துணிவை ஊட்டுகிறார். வேறு சில நாள் பெரியவர்களோடு விட்டு, உடல்பலம் உதவாத இடத்தில் முன்கூட்டியே பார்த்து ஒரே தொடுதலில் பந்தை விடுவிக்கப் பழக்குகிறார். அவர் கோன்களை நடும்போது அந்தப் பிள்ளை ஆடவேண்டிய சதுரத்தை மட்டும் மற்றவற்றைவிட அரையடி அகலமாக அளப்பதை, முன்னதாக வந்து நிற்பவர் பார்க்கலாம்.