மரப்பலகையும் முகவோவியமும்

ஓவியம் எழுதப்பெறும் பொருள் வெறும் தாங்குபலகையன்று. அஃது ஓவியத்தின் ஓர் உறுப்பாகும். இதனை மறந்தமையே, மரப்பலகையில் வண்ணப் பென்சிலால் தீட்டப்பெறும் முகவோவியங்கள் பலவற்றின் குறையாகும்.

மரத்தில் முகம் எழுதுதல் தொன்மையான கலையே. உரோமர் ஆட்சிக்கால எகிப்தில், மெல்லிய பலகையில் முகத்தை எழுதி, பதப்படுத்திய உடலின் முகப்பில் பொருத்தினர். பிளிண்டர்ஸ் பெட்ரி 1888ஆம் ஆண்டில் ஹவாராவில் இத்தகைய ஓவியங்கள் பலவற்றை அகழ்ந்தெடுத்தார். அவற்றுட் பல, நிறப்பொடி கலந்த தேன்மெழுகால் தீட்டப்பட்டவை. அம்மெழுகு தடித்துப் படிந்து பலகையை மூடிவிடும். வண்ணப் பென்சிலிலும் மெழுகோ எண்ணெயோ உண்டு. எனினும் அதன் படிவு மெல்லியது. அடியிலுள்ள மரத்தை முற்றும் மறைக்காது. மறைக்கவியலாத மரத்தைப் பயன்கொள்ளுதலே கலைஞனின் திறமாம்.

வெள்ளைத்தாளில் ஒளிமிக்க இடம் வெறுமையாக விடப்படும். மரத்திலோ முறை மாறுகிறது. மரத்தின் பழுப்பே கன்னத்தின் இடைநிறமாக அமைய, நிழலைக் கரும்பென்சிலாலும் ஒளியை வெண்பென்சிலாலும் சேர்த்தல் வேண்டும். இதனை உணராதார் பலகை முழுவதும் வெண்பூச்சுப் பூசி, அதன்மேல் புகைப்படத்தைப் படியெடுக்கின்றனர். அவ்வோவியத்தைத் தாளுக்கு மாற்றினாலும் இழப்பொன்றுமில்லை. அங்ஙனமாயின் மரம் எதற்கு?

மரத்தின் இயல்பறிதலும் இன்றியமையாதது. வரியோட்டம் மிக்க பலகையில் மென்பகுதி பென்சில் முனைக்குக் குழியும். வன்பகுதி நிறத்தை ஏலாது. கன்னத்தின் குறுக்கே ஓடும் வரி, தழும்பெனத் தோன்றிவிடும். ஆதலின் சீரான இழையுடைய மரத்தைத் தெரிந்து, நன்கு தேய்த்த பின்னரே எழுதத் தொடங்கவேண்டும். மலேசியக் காடுகளில் வளரும் ஜெலுத்தோங் அத்தகையது. பென்சில் செய்வதற்கும் பயன்படுவது. ஒளிபட்டு நாளடைவில் மரம் நிறம் மாறுமாதலின், ஓவியத்தை வெயில் படாவிடத்தே வைத்தலும் கடனாகும்.

இக்கலை வகுப்பறைக்கு உரியதாவதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கிரயோலா நிறுவனம், தசைநிறம் எனப் பெயரிட்டிருந்த வெளிர் வண்ணக்கோலின் பெயரை 1962ஆம் ஆண்டில் பீச் என மாற்றியது. ஆயினும், அவ்வெளிர்நிறத்தையே தோல்நிறமெனக் கேட்டு வாங்கும் மாணவர் இன்றும் உளர். தம் அன்னையின் கரிய முகத்தையும் அந்நிறத்தாலேயே அவர்கள் தீட்டுகின்றனர். வெள்ளைத்தாளில் கருமை, பிறகு சேர்க்கப்படும் ஒன்று. பழுப்புப் பலகையிலோ முகம் பழுப்பிலிருந்தே தொடங்குகிறது. வெண்மைதான் அளவறிந்து சேர்க்கப்படுவது. ஓவியம் பயிற்றும் ஆசிரியர், ஆண்டிற்கு ஒருமுறையேனும் மாணவர் கையில் ஒரு சிறு பலகையைக் கொடுத்து, வீட்டார் முகமொன்றை எழுதச் செய்வாராக.