களிகம்பும் பரமபதமும்: விளையாட்டமைப்பில் நோக்கமும் களிப்பும்

சிறுவர்க்கு ஒழுக்கம், சுகாதாரம், இன ஒற்றுமை ஆகியவற்றைப் போதிக்கும் விளையாட்டுகளை வகுப்போர் எம்மிடையே உளர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயின் ஒரு விளையாட்டின் நோக்கம் அதன் எவ்விடத்தில் உறைகின்றது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

பரமபதத்தில் ஏணிகள் புண்ணியத்தையும் பாம்புகள் பாவத்தையும் குறித்தன. எனினும் ஆடுவோன் எதனையும் தெரிவதில்லை. தாயம் விழுந்தவாறு காய் நகர்கின்றது. ஊழே அதன் போதனை என்பாரும் உளர். அவ்வாறாயின் ஏணிக்கு அறத்தின் பெயர் எதற்கு? போதனை பலகையில் இருந்ததேயன்றி விதியில் இருக்கவில்லை. அப்பெயர்கள் அற்ற இன்றைய அச்சுப் பலகையிலும் ஆட்டத்தின் சுவை குன்றவில்லை.

நோக்கத்தை விதியிலேயே அமைத்தவர் அமெரிக்கரான எலிசபெத் மகீ. ஹென்றி ஜோர்ஜின் நிலவரிக் கொள்கையை ஏற்ற அவர், நில வாடகை சிலரைச் செல்வராக்கிப் பலரை வறியராக்குமாற்றை உணர்த்த அமைத்த விளையாட்டுக்கு 1904 இல் காப்புரிமை பெற்றார். 1935 இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 500 டொலருக்கு அவரது காப்புரிமையை வாங்கியது; அந்நிறுவனம் அவ்வாண்டிலேயே வெளியிட்ட மொனொப்பொலியில் பிறரை வங்குரோத்தாக்குவதே வெற்றி. முதலாளித்துவம் அபகரித்தது என்று கூறி அமைதல் முற்போக்காளர்க்கு எளிது. ஆனால், கண்டிக்கப்படவேண்டிய செயலே ஆட்டத்தின் இன்பமாயும் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

கல்முனைக்குடி போன்ற கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் கலியாண வீடுகளிலும் சுன்னத்து வைபவங்களிலும் ஆடப்பட்டுவந்த களிகம்பு எமக்கு வேறொன்றைக் காட்டுகின்றது. இரு கைகளிலும் கம்பேந்தியோர், அண்ணாவியாரின் பாட்டுக்கிசைய வட்டத்தில் இடம்மாறி, எதிர்ப்படுவோனின் கம்பில் அடிப்பர். தாளந் தப்பினால் அடி வெறுங்காற்றில் போகும். சிலவேளை விரலில் விழும். ஒற்றுமையைப் பற்றி யாரும் பேசவேண்டியதில்லை. மற்றவனைக் கவனியாதவனால் ஆடவே முடியாது. பாட்டு விரையுந்தோறும் களிப்பு மிகும், கவனமும் உடன்மிகும்.

கல்முனைக்குடிச் சிறுவனையும் பாண்டிருப்புச் சிறுவனையும் ஒரு பலகைமுன் இருத்தி, 'ஒற்றுமை' என எழுதிய கட்டத்திற்குக் காயை நகர்த்தச் செய்தல் எளிது. ஒருவனின்றி மற்றவன் ஆட இயலாத விதியை வகுத்தலே கடினம். அவ்விதி அவர்களுக்கு இன்பமாயிருத்தல் அதனினும் கடினம்.

களிகம்பை இலட்சியமாக்கவும் நாம் விரும்பவில்லை. அவ்வட்டம் ஆண்களின் வட்டம். கலைவிழா மேடையில் ஏற்றப்படும்போது அதன் இயல்பும் மாறிவிடுகின்றது: பார்வையாளர் காணவேண்டி வட்டம் அரைவட்டமாகின்றது, ஆடுவோன் கண் எதிரிலுள்ளவன் கம்பை விட்டு அவையை நோக்கித் திரும்புகின்றது.