செய்யாதே என்னும் சுவர்கள்

நெய்க்காரப்பட்டியில் ஏறிப் பழனியில் இறங்குவதற்குள் எத்தனை பலகைகள் நம்மைத் தடுத்தாட்கொள்கின்றன! மதிலில் ‘விளம்பரம் செய்யாதே’. அதன் கீழே ‘இங்கே சிறுநீர் கழிக்காதே’. கடையில் ‘கடன் அன்பை முறிக்கும்’. பேருந்தில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’. தமிழில் அதிகம் வாசிக்கப்படும் இந்த இலக்கியத்தை எவரும் திறனாய்வு செய்ததில்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறோம்.

இவற்றுள் பேருந்து வாசகத்துக்கே நாம் முதலிடம் தருவோம். மூன்று சிறு சொற்கள், ஓசை இயைபு, மரியாதைப் பன்மை. அழகுக்குக் காரணம் சொல்லில் மட்டும் இல்லை. அது வாசிப்பவரின் உயிரைக் காக்க எழுந்தது. மதில் வாசகமோ எழுதியவரின் மதிலைக் காக்க எழுந்தது. அதனால்தான் அங்கே ‘ஆதீர்’ தேய்ந்து ‘ஆதே’ ஆகிவிடுகிறது.

தடையெல்லாம் தவறு என்பது நம் வாதம் அன்று. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடுக்கும் விதிகள் நடைமுறையில் உள்ளன. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்கவும் அவை கட்டளையிடுகின்றன. அடுத்தவரின் மூச்சைக் காக்கும் தடை அது, வரவேற்போம்.

ஆனால் மதில் வாசகத்துக்கு எவரும் அஞ்சாதபோது நாம் செய்வதென்ன? தெய்வங்களைத் துணைக்கு அழைக்கிறோம். முருகன், மெக்கா, இயேசு என மூன்று ‘டைல்ஸ்’ கற்களை வரிசையாகப் பதித்த சுவர்களைத் தமிழகத்தில் காணாதவர் உண்டோ? இவ்வழக்கத்துக்குத் தடை கோரிய மனுவைத் தில்லி உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. சட்டம் விலகி நிற்கட்டும். நம் மனச்சான்றும் விலகி நிற்கலாமா? செபமாலை உருட்டும் கைகளே அந்தக் கல்லையும் வாங்கிப் பதிக்கின்றன. பாரம் சுமப்போரைத் தம்மிடம் வரச் சொன்னவரை, ‘இங்கே வராதே’ என்று சொல்லும் காவலாளி ஆக்கிவிட்டோம்.

சுவரோரம் ஒதுங்கியவர் யார் என்று எண்ணிப் பார்த்தோமா? சந்தைக்கு வந்த உழவர். சர்க்கரை நோயுள்ள பெரியவர். பெண்களுக்கோ அந்தச் சுவரோரமும் இல்லை. பயணநாளில் தண்ணீர் குடிக்காமலே தாகத்தை அடக்கிக்கொள்ளும் தாய்மார்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்குத் தேவை ஒரு கழிப்பறை. நாம் கொடுத்தது ஒரு தடை. செய்ய வேண்டிய கடமையைச் செய்யாதவர்க்குப் பலகை மலிவான மாற்று.

நம் முன்னோர் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டவை பல. அதில் எழுத்தே தேவைப்படவில்லை. ‘இறக்கி வைத்து இளைப்பாறு’ என்று கல்லே சொன்னது. தைப்பூசத்துக்கு நடந்து வருவோருக்காகப் பழனிச் சாலைகளில் எழும் தண்ணீர்ப் பந்தல்களும் அதே மொழியைத்தான் பேசுகின்றன.

பத்துக் கட்டளைகளில் பெரும்பாலானவை ‘செய்யாதே’ என்பவை என வாசகர் நினைவூட்டலாம். உண்மையே. ஆயினும் தலைசிறந்த கட்டளை எது என்று கேட்டபோது ஆண்டவர் சொன்ன இரண்டும் ‘அன்பு செய்’ என்பவையே.

ஆகவே நம் ஆலய வளாகத்திலிருந்தே தொடங்குவோம். அங்கே தொங்கும் ஒவ்வொரு தடைப் பலகையின் முன்னும் நின்று, எந்த உதவிக்குப் பதிலாக இது தொங்குகிறது என்று கேட்போம். விடை கிடைத்தால் முதலில் அந்த உதவியைச் செய்வோம். பலகையைப் பிறகு கழற்றிக்கொள்ளலாம்.