சின்ன அறையில் கிரஞ்ச்: ஷூர் எஸ்எம்57 எவ்வளவு தாங்கும்?

கிரஞ்ச் ராக் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’ 1989-ல் வெளிவந்தது. அதன் பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். சியாட்டிலின் பல்லார்ட் பகுதியில் இருந்த ரெசிப்ரோக்கல் ரெக்கார்டிங் என்ற சிறிய ஸ்டூடியோவில், 8 ட்ராக் டேப்பில் அதைப் பதிவுசெய்தவர் ஜாக் எண்டினோ. இன்றைய இளம் குழுக்களுக்கு ட்ராக்குகளில் குறைவே இல்லை. ஒரு லேப்டாப் போதும். அவர்களுக்குத் தட்டுப்பாடு இடம்தான். 10 அடிக்கு 12 அடி அறையில் டிரம்ஸ், கிட்டார் ஆம்ப், பேஸ், தொண்டை கிழியப் பாடும் ஒருவர் என எல்லாரும் அடங்க வேண்டும்.

இந்த நெருக்கடியில் முதலில் எந்த மைக்கை வாங்குவது? ஷூர் எஸ்எம்57-ஐத் தயங்காமல் சொல்லலாம்.

1965-ல் அறிமுகமான டைனமிக் மைக் இது. ஷூர் பொறியாளர் எர்னி சீலர் உருவாக்கிய யூனிடைன் 3 வடிவமைப்பின் வழி வந்தது. எடை 284 கிராம். 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை வாங்கும். ஃபாண்டம் பவர் தேவையில்லை. முன்பக்க ஒலியை நன்றாகப் பிடித்து, முதுகுப்பக்க ஒலியைப் பெருமளவு ஒதுக்கும் கார்டியாய்டு வகை.

இதன் திறமை முழுதாகத் தெரிவது கிட்டார் ஆம்பின் முன்னால்தான். ஸ்பீக்கரை மூடிய துணியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கோனின் நடுவை நேராகப் பார்க்கும்படி வைத்தால் ஒலி கூர்மையாக வரும். ஃபஸ் பெடலையும் அழுத்தினால் காதைக் குத்தும். 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி இந்த மைக்குக்கு இயல்பாகவே ஓர் ஏற்றம் உண்டு என்பதே காரணம். அங்கிருந்து ஓரத்தை நோக்கி 4, 5 சென்டிமீட்டர் நகர்த்தினால் குத்தல் அடங்கி, நடுத்தர ஒலி தடித்து வரும். கிரஞ்சுக்கு வேண்டிய கரகரப்பு இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில்தான் இருக்கிறது. ஒருவர் ஹெட்போனில் கேட்க, இன்னொருவர் மைக்கை மெல்ல நகர்த்த வேண்டும். ஈக்வலைசரைத் தொடும் முன் இதற்கு அரைமணி நேரம் செலவிடுவது வீண்போகாது.

மைக் ஆம்பை ஒட்டியிருப்பதால், நேரே வரும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அமுக்கிவிடுகிறது. அதே இடத்தில் ஒரு கண்டென்சர் மைக்கை வைத்தால் பக்கத்து டிரம்ஸின் சிம்பல் பளபளப்பும் துல்லியமாகக் கிட்டார் ட்ராக்கில் ஏறிவிடும். 57-க்கு உச்ச அதிர்வெண்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. பெரிய ஸ்டூடியோவில் குறையாகத் தோன்றும் இந்தக் குணம் சின்ன அறையில் வரம்.

ஸ்நேர் டிரம்மிலும் அப்படித்தான். விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில், தோலின் நடுவைப் பார்த்து, முதுகை ஹை-ஹாட் பக்கம் திருப்பி வைத்தால் அடி ‘பட்’டென்று விழுகிறது, ஹை-ஹாட்டின் சலசலப்பும் குறைகிறது.

ஆனால் அறையின் இயற்பியலை எந்த மைக்கும் மாற்றாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 10 அடி இருந்தால், ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் அறையே முழங்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ்! அந்த ஒரு சுரம் மட்டும் ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். அதனால் பேஸை ஆம்ப் இல்லாமல் டிஐ பாக்ஸ் வழியாக நேராகப் பதிவதே நல்லது. கூரை தாழ்வாக இருந்தால் டிரம்ஸுக்கு மேலே தடித்த மெத்தை ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் மேலே வைக்கும் மைக்கில், கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி, சிம்பல் தகரம்போல் ஒலிக்கும்.

57 சறுக்கும் இடங்களும் உண்டு. கிக் டிரம்மின் முன் வைத்தால் அடியின் ‘டிக்’ மட்டும் கிடைக்கும். வயிற்றில் இறங்கும் கனம் வராது. குரலுக்கு வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வெடிக்கும், ஸ்பாஞ்ச் உறை அவசியம். கத்திப் பாடும் குரலுக்குப் பொருந்தும் இந்த மைக், முணுமுணுக்கும் வரிகளில் சோர்ந்துவிடும். இதன் உணர்திறன் குறைவு என்பதால் மெல்லிய குரலுக்கு 60 டெசிபல் அளவுக்கு கெயின் தேவைப்படலாம். மலிவான இண்டர்ஃபேஸ்களில் அப்போது ‘உஸ்’ சத்தம் கேட்கத் தொடங்கும்.

அமெரிக்காவில் விலை சுமார் 100 டாலர். சந்தையில் போலிகள் நிறைய. அசாதாரணமான தள்ளுபடியைக் கண்டால் விலகி, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்க வேண்டும்.

நான்கு மைக் உள்ளீடுகள் கொண்ட இண்டர்ஃபேஸ் இருக்கும் மூவர் குழுவுக்கு மூன்று 57-களும் கிக்குக்கென்றே தயாரான ஒரு மைக்கும் போதும். கிட்டாருக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே ஒன்று. முதலில் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்ந்து வாசித்துப் பதிந்து, பேஸையும் குரலையும் பிறகு சேர்க்கலாம். பணம் ஒரு மைக்குக்குத்தான் இருக்கிறது என்றால், அந்த ஒன்றைக் கிட்டார் ஆம்புக்காக வாங்கலாம்.