வால்வு ரெக்டிஃபயர்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் வரை போய்ச் சேர்வது பவர் சப்ளையின் மின்சாரம்தான். கிரிட்டுக்கு வரும் சிக்னல் அதைக் கூட்டிக் குறைக்கிறது. அதனால் சப்ளையில் உள்ள குறை அப்படியே காதுக்கு வரும். இது தெரிந்தும், புதிதாகக் கட்டுபவர்களில் பலர் டயோடை ஒதுக்கிவிட்டு வால்வு ரெக்டிஃபயரையே வைக்கிறார்கள்.

அதில் நியாயம் உண்டு. ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபயர் வால்வு மெதுவாகச் சூடேறுவதால் எச்.டி. எனும் உயர் வோல்ட்டேஜும் மெல்ல ஏறுகிறது. 350-0-350 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் டயோடு போட்டாலோ, மற்ற வால்வுகள் கரண்ட் இழுக்கத் தொடங்கும் முன்பே கெப்பாசிட்டரில் சுமார் 495 வோல்ட் ஏறி நிற்கும். 450 வோல்ட் கெப்பாசிட்டர் அதற்குத் தாங்காது.

இந்த வாதத்தை 5யூ4ஜி ரெக்டிஃபயர் வால்வுக்கும் நீட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அதில் இழையே கேத்தோடு. சில நொடிகளில் முழு வோல்ட்டேஜும் வந்துவிடும். போதாததற்கு, 225 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 45 வோல்ட் வரை அதுவே விழுங்கிவிடும். கிதார் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொய்வு பிடிக்கும். பதிவான இசையைக் கேட்பவருக்கு அது பிழை.

இன்னொரு கட்டுப்பாடு, முதல் கெப்பாசிட்டர். ஜிஇசட்34க்குப் பின்னால் அது 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. 1959இல் வந்த டைனகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயரில் அது வெறும் 30. அந்த ஆம்ப்ளிஃபயர் புஷ்-புல் என்பதால், சிறிய கெப்பாசிட்டர் விட்டுவைக்கும் ஹம்மின் பெரும்பகுதி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே அடிபட்டுப் போகிறது. ஒற்றை 300பி வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அங்கேதான் சோக் எனும் இண்டக்டரின் அருமை தெரியும். நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். 10 ஹென்றி சோக்கும் அதன்பின் 47 மைக்ரோஃபாரடும் அதை ஏறத்தாழ 180இல் ஒரு பங்காக்கிவிடும். சோக்குக்குப் பதில் 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 30இல் ஒரு பங்குதான். அதற்கும் 100 மில்லிஆம்பியரில் 100 வோல்ட்டும் 10 வாட் சூடும் விலை. சோக் கனமானது, காசும் கூட. ஆனாலும் ரெக்டிஃபயர் வால்வுக்குச் செலவழிப்பதைச் சோக்குக்குச் செலவழிப்பதே மேல்.

என் தீர்ப்பு: ஹைஃபை ஆம்ப்ளிஃபயருக்கு டயோடு, சோக், எச்.டி.யைத் தாமதித்துத் தரும் ரிலே. 1என்4007 என்றால் பக்கத்துக்கு இரண்டை வரிசையில் போடுங்கள். தலைகீழாக வரும் 990 வோல்ட்டுக்கு ஒன்றின் 1,000 வோல்ட் வரம்பு விடும் இடைவெளி போதாது. எதை வைத்தாலும் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே பிளீடர் ரெசிஸ்டர் கட்டாயம். 220 கிலோ ஓம் போட்டாலும், 100 மைக்ரோஃபாரடில் நிற்கும் 450 வோல்ட் 50க்கு இறங்க முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.