பொன்னியின் செல்வன்: முடிவும் வாசகர் ஏமாற்றமும்

பொன்னியின் செல்வன் கல்கி எழுதிய வரலாற்று நாவல். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்டது. தமிழில் மிகுதியாக வாசிக்கப்பட்ட நாவல்களுள் ஒன்றான இதன் முடிவு, தொடர் நிறைவடைந்த நாளிலிருந்தே வாசகர்களிடையே மனக்குறையை உண்டாக்கியது. கதை திடீரென நின்றுவிட்டது என்று பலர் கருதினர். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் கூற நேர்ந்தது.

நாவலின் முடிவு

நாவல் இரண்டு கேள்விகளால் நகர்கிறது. சுந்தர சோழருக்குப் பின் அரியணை யாருக்கு என்பது ஒன்று. ஆதித்த கரிகாலனின் உயிருக்கு வரும் ஆபத்து மற்றொன்று. கடம்பூர் மாளிகையில் கரிகாலன் கொல்லப்படுகிறான். கொன்றவர் யார் என்பதைக் கல்கி இருளில் விட்டுவிடுகிறார். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். நந்தினி கதையிலிருந்து விலகிச் செல்கிறாள். மதுராந்தகனாக வளர்ந்தவன் செம்பியன் மாதேவியின் மகன் அல்ல என்றும், பூக்கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான மகன் என்றும் தெரியவருகிறது. அருள்மொழிவர்மன் மணிமுடியை அவனுக்கு அளிக்கிறான். மணிமேகலையின் மரணத்துடன் நாவல் முடிகிறது.

ஏமாற்றத்தின் வகைகள்

இம்முடிவு குறித்த மனக்குறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று அறியாத குறை முதலாவது. கொலையாளி யார் என்று சொல்லப்படாத குறை இரண்டாவது. சிக்கல் தீர்ந்த விதம் நியாயமாக இல்லை என்ற குறை மூன்றாவது.

முதல் குறைக்கு முடிவுரை பதில் தந்தது. கல்கி முக்கியமான பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகக் கூறினார். அதையும் மீறிய ஆவலிலிருந்து விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி போன்ற தொடர்ச்சி நாவல்கள் பிறந்தன. ஆனால் இந்தக் குறையைக் குறை என்று சொல்ல இயலாது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் உடன்வந்த மனிதர்களைப் பிரியும் துயரம் அது. எந்த முடிவும் அதைப் போக்கியிருக்காது.

இரண்டாம் குறைக்கு வரலாற்றில் விடை உள்ளது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்ததைக் கூறுகிறது. கொலையின் காரணத்தையும் பின்னணியில் இருந்தவர்களையும் அது கூறவில்லை. அவ்வகையில் கல்கி காத்த மௌனம் சான்றுகளுக்கு நேர்மையானது. துப்பறியும் கதையாக வாசித்தவர்களுக்கே அது ஏமாற்றம்.

தவிர்க்கப்பட்ட கேள்வி

மூன்றாம் குறையே விமர்சன மதிப்பு உடையது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகள் அளவில் உத்தம சோழன் ஆண்டான். 985-ல் இராஜராஜன் அரியணை ஏறிய பின்னரே பறிமுதல் ஆணை கிடைக்கிறது. இந்த இடைவெளியைக் கொண்டு, கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருக்கலாம் என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். மறுபுறம், குடிமக்கள் வேண்டியும் சிற்றப்பன் விரும்பியதால் அருள்மொழி அரசை விட்டுக்கொடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அச்செப்பேடு அவனுடைய மகன் இராஜேந்திரன் காலத்தது. அதாவது, கொடுத்தவரின் தரப்பு கூறும் சாட்சி அது.

விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையா, கட்டாயமா என்ற கேள்வி வரலாற்றில் திறந்தே இருக்கிறது. நாவல் அதை ஆள்மாறாட்டத்தால் மூடிவிடுகிறது. அரியணைக்கு ஆசைப்பட்டவன் அகற்றப்பட்டு, ஆசையே இல்லாத ஒருவன் அங்கே அமர்த்தப்படுகிறான். நல்லவன் ஒருவனுக்கு நல்லவன் ஒருவன் முடி கொடுப்பதில் இழப்பு உண்டு, போராட்டம் இல்லை. ஐந்தாம் பாகத்தின் பெயர் தியாகச் சிகரம். அச்சிகரத்தை ஏறுவதற்கு எளிதாக்கியதே முடிவின் பலவீனம்.

பழுவூர்

அதே பாகத்தில் உண்மையான தியாகத்தின் கனம் பெரிய பழுவேட்டரையருக்கே கிடைக்கிறது. நாவல் முழுவதும் சதிகாரராகத் தெரிந்தவர், தன் தவறை உணர்ந்து, மானம், பெயர், உயிர் ஆகிய மூன்றையும் இழக்கிறார். அவருடைய பழுவூர், 2007-ல் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து மீண்டும் பிரிக்கப்பட்ட அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்னும் ஊர்களாக இன்றும் உள்ளது. கீழையூரில் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக் கோயில் நிற்கிறது. இராஜராஜன் காலக் கல்வெட்டுகளிலும் பழுவேட்டரையர் பெயர் வருகிறது. நாவலின் வீழ்ச்சி அக்குடியின் வரலாற்று வீழ்ச்சி அல்ல. கல்கி இங்கே வரலாற்றை மீறினார். ஆயினும் வாசகர் இந்த மீறலைக் குறை கூறுவதில்லை. பாத்திரத்தின் இயல்பிலிருந்தே முடிவு பிறந்திருப்பது அதற்குக் காரணம்.

திரைப்படமும் பிற ஒப்பீடுகளும்

மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 28 ஏப்ரல் 2023 அன்று வெளியானது. அதில் மணிமேகலை இல்லை. ஆள்மாறாட்டமும் இல்லை. நாவலை நேசித்தவர்கள் இதனால் வருந்தினர். எனினும் போட்டியாளனான மதுராந்தகனுக்கே முடி செல்வதால், விட்டுக்கொடுத்தலுக்கு நாவலில் இல்லாத அழுத்தம் கிடைத்தது. படம் இழந்தது வேறு ஒன்றை: நாவல் பல நூறு பக்கங்களில் வளர்த்த நெருக்கத்தை.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொலைக்காட்சித் தொடர் 2019-ல் முடிந்தபோது, இறுதிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரிய மனுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அங்கும் முடிவு என்ன என்பதைவிட, அதை நோக்கிச் சென்ற அவசரமே கோபத்துக்குக் காரணமாயிற்று. முதன்மைப் பாத்திரங்களின் மாற்றத்துக்குப் போதிய காலம் தரப்படவில்லை என்பது பலரின் குற்றச்சாட்டு.

மதிப்பீடு

பொன்னியின் செல்வனின் முடிவு பாத்திரங்களின் வழியே வரும் இடங்களில் நிற்கிறது. பிறப்பு இரகசியத்தின் வழியே வரும் இடத்தில் தளர்கிறது. வாசகர் ஏமாற்றத்தைப் பொறுமையின்மை என்று ஒதுக்குவது தவறு. அடுத்து என்ன நடந்தது என்று கேட்ட பலர் உண்மையில் கேட்க நினைத்தது, ஏன் இவ்வாறு நடந்தது என்பதையே. முடிவுரை முதல் கேள்விக்குப் பதில் கூறியது. இரண்டாவது கேள்வியை உடையார்குடிக் கல்வெட்டுக்கும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுக்கும் இடையே நின்று வாசகரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.